கட்டிலின் இடது பக்கம்

கோரிப் ஆறு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கால்வே நகரத்தில் ஃபெஸ்டி கன்னீலியின் வீட்டுக்குள் புகுந்து, மாடியேறி, கட்டிலில் அவன் படுக்கும் இடது பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஓர் ஆள் அகலம்தான் இருந்தது. மெத்தை நனையவில்லை.

அவன் மனைவி நோரீன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த ஆற்றின் மேல் அவளுக்கு இருபத்தாறு வருடப் பொறாமை. ஃபெஸ்டி தடுப்பணையில் சால்மன் மீன்களை எண்ணும் வேலை பார்த்தவன். காலையில் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்புவான்; அணைக்குப் போனதும் கல்யாண மோதிரம் போட்ட கையைத் தண்ணீரில் முக்கி, "வந்துட்டேண்டி" என்பான். இது ஊருக்கே தெரியும்.

பிறகு பக்கத்து மாவட்டமான மேயோவின் கடலில் எரிவாயு கிடைத்தது. அந்த எரிவாயு வயலுக்கும் கோரிப் என்றே பேர் வைத்தார்கள். சம்பளம் அதிகம் என்று ஃபெஸ்டி அங்கே போய்விட்டான். ஆறு வந்ததற்கு முதல்நாள் திங்கட்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டவன், "கோரிப் மாதிரி வருமா? இனிமே எனக்கு எல்லாமே கோரிப்தான்" என்றான். சன்னல் திறந்திருந்தது. ஆறு கேட்டுவிட்டது; தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு டெலியா எட்டிப் பார்த்து, "சக்களத்தியக் கட்டில்லயே படுக்க வச்சிருக்கியேடி" என்றாள்.

"இவளும் என்னை மாதிரி ஏமாந்தவதான். இருந்துட்டுப் போறா" என்றாள் நோரீன். துடைப்பம் மூலைக்குப் போனது.

இரண்டு வருடம் அவன் வரவில்லை. அணை வறண்டு கிடந்தது. நகராட்சி ஒரு கடிதம் போட்டதோடு சரி. நோரீன் தினமும் ஆற்றிடம் அவனைத் திட்டினாள். அவன் ஒரு தடவையாவது தன்னைப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட மாட்டானா என்றும் சொல்லி அழுதாள்.

மூன்றாம் வருடம் ஈஸ்டருக்கு அவன் வந்தான். வாசலில் நோரீனோடு வந்து நின்ற ஆற்றைக் கண்டதும் பழக்கதோஷத்தில் குனிந்து மோதிரக் கையை நீட்டினான். நோரீனுக்கு வயிறு எரிந்தது. ஆனால் தண்ணீர் கைக்கு எட்டாமல் பின்வாங்கி, அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கை ஈரமாகாமல் ஃபெஸ்டி நிமிர்ந்தான். எதிரே மனைவிதான் இருந்தாள்.

"வந்துட்டேண்டி நோரீன்."

"சரி, சாப்பிடு. கட்டில்ல மட்டும் இடமில்ல" என்றாள் அவள்.

இப்போதும் அவன் அடுப்போரம்தான் படுக்கிறான். மாடியில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறான். ஜூன் மாதம் சால்மன்கள் ஆற்றைத் தேடி மாடிப்படி ஏறும்போது எண்ணுவது அவன். படியைத் துடைப்பதும் அவன்தான்.