மானியத்துக்கு ஒரு சாட்சி

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்தெருவில் கருவாட்டு வியாபாரி அமானுல்லாவுக்கு ஒரு கிடங்கு இருந்தது. அவர் மவுத்தான பிறகு வியாபாரத்தைத் தம்பிமார் எடுத்துக்கொண்டார்கள். கிடங்கு மட்டும் அவர் மனைவி லத்தீஃபாவுக்கு மிஞ்சியது. அவள் அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு அறையாகத் தடுத்து, போக்கிடம் இல்லாத பெண்கள் தங்கும் வீடாக்கினாள். பெயர்ப்பலகை வைக்கவில்லை. புருஷனிடம் அடிபட்டு வந்தவள், மாமியார் துரத்தியவள், கைப்பிள்ளையோடு தெருவில் நின்றவள், யாராக இருந்தாலும் முதலில் சோறு போடுவாள். பேச்செல்லாம் பிறகுதான்.

அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அங்கே தங்கியவள் இன்னார் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. கிளம்பிப் போகிற ஒவ்வொருத்தியிடமும் லத்தீஃபா சொல்லி அனுப்புவாள்: "நீ இங்க இருந்தது என் வாயால வெளிய போவாது."

முதன்முதலில் அங்கே வந்து தங்கியவள் சாராள். கொத்தனார் மோசஸின் பெண்சாதி. உச்சி வெயிலில், இடுப்பில் பெண் குழந்தையோடு வந்து நின்றாள். இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கித் தொங்கியது. லத்தீஃபா அவளைப் பஸ்ஸில் ஏற்றிச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மாவுக்கட்டுப் போடும் வரை கூடவே இருந்தாள். திரும்பி வரும்போது சாராள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய லத்தீஃபாவின் கொழுந்தன்காரன், சாய்ந்திருப்பது யாரென்று தெரியாமலே, அதை ஊரெல்லாம் பேசினான். லத்தீஃபா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தை மாதம் வந்தவள் வைகாசி வரை இருந்தாள். பிறகு மோசஸ் சபைப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, இனிக் குடிப்பதில்லை என்று வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லி அழைத்துப் போனான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். கல்பாக்கத்தில் கட்டுமான வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்த சாராள் பால்வாடி டீச்சரானாள். அந்த ஐந்து மாதமும் அவள் திருப்போரூரில் அம்மா வீட்டில் இருந்ததாகவே ஊர் நினைத்தது. உண்மை தெரிந்தவர்கள் கணவனும் மனைவியும் அந்தப் பெரியவரும் லத்தீஃபாவும்தான். பெரியவர் காலமாகிவிட்டார்.

பெண்கள் ஆண்டு என்று எழுபத்தைந்தில் எங்கும் பேசினார்களே, அப்போது செங்கல்பட்டில் மகளிர் நலக் கவுன்சில் ஒன்று ஏற்பட்டது. பெண்களுக்கு ஆதரவாக நடக்கும் காரியங்களைப் பார்த்து மானியம் கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள். லத்தீஃபாவின் வீட்டுக்கும் மானியம் வந்தது. அரிசிக்கும், வாரம் ஒருமுறை வரும் நர்சம்மாவுக்கும் அது சரியாக இருந்தது.

கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை உறுப்பினராகப் போட வேண்டும் என்று வந்தபோது, கவுன்சில் செயலாளர் காசிநாதன் லத்தீஃபாவைத்தான் கேட்டார்.

"வாங்கற எடத்துல கீற நான் குடுக்கற எடத்துல உக்காரக் கூடாதுங்க. சாராள் டீச்சர்னு ஒரு பொண்ணு கீது. படிச்ச பொண்ணு. அதப் போடுங்க" என்றாள் லத்தீஃபா. அப்படித்தான் சாராள் அந்த மேசைக்குப் போனாள்.

எழுபத்தேழாம் வருஷம் விசாரணை வருவதற்கு முன்னால் ஒரு சிக்கல் கிளம்பியது. அந்த வீடு குடும்பங்களைப் பிரிக்கிறது என்று ஊர் ஆண்கள் சிலர் மனுக் கொடுத்திருந்தார்கள். காசிநாதன் நேரில் வந்து, நல்லவிதமாகவே சொல்லிவிட்டுப் போனார்: "பேர்தான் தர மாட்டேங்கறீங்க. தங்கிப் போன ஒருத்தரையாவது கூட்டிட்டு வந்து பேச வைங்கம்மா. இல்லாட்டி கஷ்டம்."

அந்த வாரம் சாராள் வந்திருந்தாள். சமையல்கட்டில் லத்தீஃபா மீன் ஆய்ந்துகொண்டிருக்க, பொன்னி என்ற பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேறு சாதிப் பையனைக் கட்டியதற்காக அண்ணன்மார் அந்தப் பையனை அடித்து விரட்டிவிட்டு, இவளை அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். ஓட்டைப் பிரித்து இறங்கி ஓடி வந்தவள். வயிற்றில் பிள்ளை.

"நான் வர்றேன்க்கா. எனக்கு இன்னா பயம்? நான் வந்து சொல்றேன்" என்றாள் பொன்னி.

"நீ எதுக்குடி?" என்று சாராள் குறுக்கே விழுந்தாள். "ஒங்க அண்ணனுங்க ஊர் ஊரா தேடிக்கினு கீறானுங்க. நான் இன்னாத்துக்குக் கீறேன்? நான் சொல்றேன். என் கையி ஒடஞ்சது, இந்த வூட்ல வந்து கெடந்தது, இன்னிக்கு டீச்சரா நிக்கறது, எல்லாத்தையும் சொல்றேன். மெம்பரே சொன்னா யாரு இல்லன்னுவாங்க?"

லத்தீஃபா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். "யோசிச்சி சொல்லு சாரா. நான் கேக்கல."

"நீ கேக்க மாட்டக்கா. அதான் நானே சொல்றேன்."

லத்தீஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் கையோடு துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். பொன்னியிடம், "நீ வர வேணாம். வூட்டாண்டயே இரு" என்று சொல்லிவிட்டாள்.

விசாரணை அன்று செங்கல்பட்டில் ஏரிக்காற்று சுழற்றி அடித்தது. கவுன்சில் கூடிய மண்டபத்தில் ஜன்னல்களைச் சாத்தியும் மேசை விரிப்பு படபடத்தது. உறுப்பினர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வீட்டம்மா, வக்கீல் வீட்டம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நடுவில் தலைவி தனகோடி அம்மாள். ஓரத்து நாற்காலியில் சாராள், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில். காலனியிலிருந்து வந்து அந்த மேசையில் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒவ்வொரு அமைப்பாகக் கூப்பிட்டார்கள். மதுராந்தகத்துத் தையல் வகுப்புக்காரர்கள் தாங்கள் தைத்த பாவாடை சட்டைகளைப் போட்ட சிறுமிகளோடு வந்தார்கள். சத்துமாவு தயாரிக்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்துச் சுவைக்கச் சொன்னார்கள். தலைவி சிரித்தபடி வாங்கிக்கொண்டார். எல்லாருக்கும் மானியம் தொடர்ந்தது. லத்தீஃபா மட்டும் தனியாக எழுந்து போய் நின்றாள்.

தனகோடி அம்மாள் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "லத்தீஃபா, நீங்க நல்ல காரியம் பண்றீங்கன்னு நான் நம்பறேன். ஆனா நான் நம்பறது மட்டும் பத்தாது. இது பொதுமக்கள் பணம். குடும்பத்தைக் கெடுக்கற வீடுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஒரே ஒரு பொண்ணு வந்து, நான் அங்கே தங்கினேன், நல்லாயிட்டேன்னு சொன்னா போதும். யாராவது இருக்காங்களா?"

"சொல்றவங்க சொல்வாங்கம்மா" என்று லத்தீஃபா சாராளைப் பார்த்தாள். சாராள் தன் எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காசிநாதன் உதவிக்கு வருவதுபோல் சொன்னார்: "நம்ம சாராள் டீச்சர் அந்தப் பக்கம்தானே. அவங்களையே கேட்டுடலாமே."

மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் உட்கார்ந்தபடியே பேசினார்கள். சாராள் எழுந்து நின்றாள். இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். "தலைவி அவர்களே, அந்த வீட்டைப் பற்றி எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது" என்றாள்.

அப்படிப்பட்ட தமிழை அவள் வாயில் லத்தீஃபா அதற்கு முன் கேட்டதில்லை. காற்றில் தப்பாகக் காதில் விழுந்ததோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?" என்று வக்கீல் வீட்டம்மா கேட்டார்.

"பலவிதமா பேசறாங்க. அங்கே போய்ட்டு வந்தவளை நல்லவிதமா யாரும் பேசறதில்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த இடது கை இன்றைக்கும் முழுசாக நீளாது. எண்ணெய் போட்டு நீவிவிட்டது லத்தீஃபாதான். அந்தக் கையை நீட்டச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் வெளிவந்துவிடும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"நீங்க யார் பேராவது சொல்லணுமா?" தலைவி மறுபடியும் கேட்டார்.

"இல்லம்மா" என்றாள் லத்தீஃபா.

தனகோடி அம்மாள் எதிரே இருந்த மனுவை மடித்து வைத்தார். அந்த மானியத்தைக் கல்பாக்கத்தில் புதிதாக ஒரு தையல் வகுப்புக்குக் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. மேற்பார்வைக்குக் கடற்கரைப் பக்கத்து உறுப்பினர். சாராள் தலையாட்டி ஒப்புக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் லத்தீஃபா நின்றுகொண்டிருந்தபோது சாராள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, நான் சொல்றதக் கேளு."

லத்தீஃபா பஸ் வரும் திசையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"சொல்லணும்னுதான்க்கா வந்தேன். கர்த்தர் சாட்சியா சொல்லணும்னுதான் வந்தேன். அந்த மேசைல போன வருசம் வரைக்கும் எனக்குக் காபி கூட தனி டம்ளர்ல வெச்சாங்க. இப்பத்தான் டீச்சர்னு கூப்புடறாங்க. எங்க காலனிக்குத் தண்ணிக் கொழா கேட்டு வெச்சிருக்கேன். புருசன்கிட்ட ஒத வாங்கி ஓடியாந்தவன்னு தெரிஞ்சிதுன்னா, அப்பறம் நான் பேசற பேச்ச எவ கேப்பா? ஐயோ பாவம்னுட்டுப் பூடுவாங்க. எழுந்து நின்னப்ப வாயி வரலக்கா."

லத்தீஃபா திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"கொழா கேக்கறது நல்லதுதான். தெரியாதுன்னு சொன்ன பாரு, அதக்கூட நான் பொறுத்துக்கினு பூடுவேன். பயம், வாய் வரல, செரி. போய்ட்டு வந்தவள நல்லவிதமா யாரும் பேசறதில்லன்னியே, அது எங்கேர்ந்து வந்திச்சி? ஒன்ன யாரு அப்டிப் பேசனாங்க? ஒரு சொல்லு ஒம்மேல வராம நான் பாத்துகினேனே சாரா. நான் வாயத் தொறக்க மாட்டேன்னு நம்பித்தான அவ்ளோ தெகிரியமா சொன்ன?"

சாராள் வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள். சதுரங்கப்பட்டினம் பஸ் வந்தது. லத்தீஃபா ஏறிவிட்டாள். சாராள் ஏறவில்லை. வண்டி கிளம்பி ஏரிக்கரை திரும்பும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் பொன்னி வாசலுக்கே வந்துவிட்டாள். லத்தீஃபாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "டீச்சர் சொல்லலியாக்கா?"

"அது ஒண்ணுமில்ல. அவங்க வேற மாதிரி முடிவு பண்ணிட்டாங்க."

"நான் வந்து சொல்லியிருப்பேனேக்கா."

அந்த வார்த்தைதான் லத்தீஃபாவை உடைத்தது. அன்றைக்குச் சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கூட்டத்திலும் பஸ்ஸிலும் வராத அழுகையெல்லாம் அப்போது வந்தது.

மானியம் நின்றதும் நர்சம்மா வருவது நின்றது. பொன்னியை இனி அங்கே வைத்துப் பிரசவம் பார்க்க முடியாது. அந்த நர்சம்மாவே வேலூரில் தன் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டாள். பின்னறையை வலை வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட வேண்டி வந்தது. மிஞ்சிய ஓர் அறையில் ஒரு சமயத்தில் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. இடமில்லை என்று முதல் தடவையாக ஒருத்தியைத் திருப்பி அனுப்பிய நாளில் லத்தீஃபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சாராளின் காலனிக்குக் குழாய் வந்தது. தெருவிளக்கும் வந்தது. கவுன்சிலில் அவள் பேச்சுக்கு நல்ல மதிப்பு என்று சொன்னார்கள். லத்தீஃபா அவள் பேச்சை எடுப்பதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் கடந்துவிடுவாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் காலனிப் பெண் ஒருத்தி கன்னம் வீங்கி, கதவைத் தட்டினாள். "சாராள் டீச்சர் அனுப்சாங்க. இங்க போனா பாத்துக்குவாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

லத்தீஃபா அவளை உள்ளே கூட்டி உட்கார வைத்தாள். சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்தாள். தெரியாது என்றவளுக்கு வழி மட்டும் தெரிந்திருக்கிறது. இந்த வீடு நல்ல வீடு என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். கூட்டத்தில் பட்டதைவிட இது ஆழமாகப் பாய்ந்தது.

மறுவாரம் அந்தப் பெண்ணைப் பார்க்க சாராளே வந்தாள். மழைக்குக் குடை பிடித்தபடி வாசலில் தயங்கி நின்றாள்.

"அக்கா..."

லத்தீஃபா கதவை அகலத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டாள்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. அந்தப் பொண்ணு உள்ள தூங்குது, எழுப்பறேன். டீ சாப்பிடறீங்களா?"

சாராள் உட்காரவில்லை. அந்த 'வாங்க'வைக் கேட்டதுமே அவள் முகம் கோணிவிட்டது. "என்ன வாடின்னு கூப்புடுக்கா. நாலு அடியாவது அடிச்சிடுக்கா" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் எப்டிங்க" என்றாள் லத்தீஃபா. அடுப்பில் தண்ணீர் வைக்க உள்ளே போனாள்.