மருந்து குடித்தவள்

டெல்லி ஆஸ்பத்திரியில் சுபாஷிணியை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும் ஓர் இளம் டாக்டர் ஓடி வந்தாள். ஷ்ரேயா என்று கோட்டில் பெயர். காந்திமதியும் மகன் ப்ரசன்னாவும் பேசுவதைக் கேட்டதும் ஹிந்தியை விட்டாள்.

"தமிழா ஆன்ட்டி? நானும்தான். என்ன ஆச்சு?"

"என் மருமக. மருந்தக் குடிச்சிட்டாம்மா" என்றாள் காந்திமதி.

திருநெல்வேலிப் பக்கம் இதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். செடிக்கு அடிப்பது மனுஷி குடித்தாலும் மருந்துதான். விஷம் என்று வாயால் சொல்வதில்லை. டெல்லியில் பிறந்த பெண்ணுக்கு அது எட்டவில்லை.

"அச்சா, என்ன மெடிசின்?"

ப்ரசன்னா தாயைப் பார்த்தான். பிறகு, "தூக்க மாத்திரை. தெரியாம நிறையச் சாப்பிட்டுட்டா" என்றான்.

காந்திமதி வாயைத் திறக்கவில்லை. வாந்தி பட்ட புடவையை மாற்றி, வாயைக் கழுவித் துடைத்துத்தான் ஜனக்புரி வீட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். வாடை தெரியக் கூடாதே என்று.

ஷ்ரேயா நாடியையும் மூச்சையும் பார்த்து, ஃபோனில் தட்டிக் கணக்குப் போட்டாள். "ஸ்கோர் நல்லாருக்கு ஆன்ட்டி. இந்த மாதிரி கேஸ்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் பொழச்சுப்பாங்க."

அந்தத் தொண்ணூறு, தூக்க மாத்திரை தின்ற வேறு யாரோ ஒருத்திக்குச் சொன்னது. தெரிந்தும் காந்திமதிக்கு நெஞ்சு லேசானது. பிழைத்துக்கொண்டால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். காலையில் பால்கனியில் நின்று, "உங்கப்பன் வீட்ல இல்லாத பவிசு, ரோஜா வேற வளக்குதாக்கும்" என்று தான் சொன்னதையும்.

"இப்படியே இருக்கட்டும்மா. போலீஸ் வந்தா என் வேலை போயிடும்" என்று ப்ரசன்னா காதோரம் சொன்னான்.

சுபாஷிணியின் உடம்பெல்லாம் வியர்த்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. ஷ்ரேயா அவள் இமையை விலக்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "மாத்திரைக்கு இப்படி ஆகாதே..."

சுபாஷிணியின் கை எதையோ பிடிக்கப் பார்த்து, காந்திமதியின் முந்தானையில் சிக்கிக்கொண்டது. பிடித்தது யாருடையதென்று தெரிந்திருந்தால் விட்டிருப்பாள்.

"விஷம்மா! ரோஜாச் செடிக்கு அடிக்கற விஷம்!" என்று அலறினாள் காந்திமதி.

வார்டே திரும்பிப் பார்த்தது. ஷ்ரேயா ஹிந்தியில் கத்த, நர்ஸுகள் ஓடி வந்தார்கள். ஊசி, குழாய், மூச்சுக்கு மெஷின். யாரோ முந்தானையை அந்த விரல்களிலிருந்து பிரித்தெடுத்து, காந்திமதியை வெளியே தள்ளினார்கள்.

வெகுநேரம் கழித்து ஷ்ரேயா வந்தாள். இப்போது ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை.

"சான்ஸ் எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டான் ப்ரசன்னா.

"பாதிக்குப் பாதி. வந்தவுடனே சொல்லியிருந்தா இதைவிட நல்லாருந்திருக்கும்."

அவள் உள்ளே போனதும் ப்ரசன்னா பல்லைக் கடித்தான். "ஏம்மா சொன்னே?"

அவனைத் திட்டக் காந்திமதிக்கு யோக்கியதை ஏது? அந்தப் பெண்ணின் வாயில் எச்சில் வழிகிற வரைக்கும் அவளும்தானே காத்திருந்தாள்.