திட்டத்தில் இல்லாத சம்பளம்

"வீட்டுப் பொண்ணுக்கு யாராவது சம்பளம் போடுவாங்களா? வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க!"

சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் வருஷத் திட்டத்தை விரித்து வைத்திருந்தார் மாமனார். கையில் சிவப்புப் பேனா. 'திட்டப் பிரிவு, ஒரு ஆள், சம்பளம்' என்ற வரியின்மேல் சரக்கென்று ஒரு கோடு விழுந்தது. தண்ணீர் ஊற்ற வந்த மூத்த மருமகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"திட்டம் நல்லா வந்தா வேலையில சேர்த்துக்கிறேன்னு நீங்கதானே சொன்னீங்க, மாமா?"

"இப்ப மட்டும் வெளியிலயா நிக்கறே? உனக்கும் உன் பொண்ணுக்கும் என்ன குறை வச்சோம்?"

"கேட்டா குடுக்க மாட்டோமா?" என்று உள்ளேயிருந்து மாமியார் ஒத்து ஊதினாள்.

கொடுப்பார்கள்தான். வயிற்றெரிச்சலே அதில்தான் இருந்தது. மகளுக்குச் செருப்பு கேட்டால், பழசு என்ன ஆச்சு, எப்படிக் கிழிஞ்சது என்று விசாரணை நடந்து புதுச் செருப்பு வருவதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிடும். புருஷன் செத்த நாளிலிருந்து அவளுக்கு இந்தப் பிச்சைக்காரப் பிழைப்புதான். சொந்தமாக ஒரு சம்பளம், அதைக் கொண்டு மகளோடு தனியாக ஒரு வீடு. வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

குடும்பத்துக்குச் சொந்தமாக ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. அங்கே மாமனாருக்குப் பாதியார் என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் பாதியாக வெட்டிவிடுவார். அது தெரிந்து எல்லாரும் ரெட்டிப்பாகவே எழுதுவார்கள். ரெட்டிப்பாக எழுதுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். இந்தக் கூத்துக்குத்தான் வருஷா வருஷம் திட்டம் என்று பெயர்! ஒரு சமயம் பசை இல்லாமல் மெஷின் நிற்கும், இன்னொரு சமயம் காகிதம் குடோனில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். "முதல்ல திட்டத்தை ஒழுங்கு பண்ணுங்க, அப்புறம் கடன் கேளுங்க" என்று பேங்க்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஒழுங்கு பண்ணியது மருமகள். காலேஜில் கணக்கு படித்தவள். செத்தவனின் நாற்காலியில் 'கொஞ்ச நாளைக்கு' என்று உட்கார வைக்கப்பட்டவள். மெஷின் மேஸ்திரி, குடோன்காரர், லாரிக்காரர் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தாள். "நிஜமா எவ்வளவு வேணுமோ அதை மட்டும் சொல்லுங்கண்ணே. வெட்ட மாட்டாரு, நான் பொறுப்பு" என்றாள். மாமனாரிடமும் சத்தியம் வாங்கினாள். அவரும் வாக்குத் தவறவில்லை. யார் வரியையும் தொடவில்லை, அவள் வரி ஒன்றைத் தவிர.

பேங்க் அதிகாரி வந்தார். திட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "பிரமாதம்! யார் போட்டது?"

"சின்னவன் சார்" என்றார் மாமனார், கூசாமல்.

"பசையை ஏன் தவணை தவணையா வாங்கறீங்க?"

சின்ன மகன் திருதிருவென்று விழித்தான். "அண்ணி, நீங்க சொல்லுங்க."

"மொத்தமா வாங்கினா இறுகிப் போகும் சார். ஆர்டர் வர வர வாங்கினாப் பணமும் முடங்காது" என்றாள் அவள்.

அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "மாசாமாசம் திட்டத்தையும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் வேணுமே. அந்தச் செலவைக் காணோமே?"

"செலவே இல்லை சார்! வீட்டுப் பொண்ணு பார்த்துக்கும்."

"குடுத்து வச்சவர் சார் நீங்க!" என்றார் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதை நம்பாதீங்க சார். நான் வரப்போறதில்லை."

"என்னம்மா உளர்றே?"

"ஒரு பொய்க் கணக்குகூட எழுதாதீங்கன்னு ஊரையெல்லாம் கெஞ்சினவ நான், மாமா. என் பங்குக்கு நானே பொய் எழுதலாமா?"

அதிகாரி ஃபைலை மூடினார். "ஆளைப் போட்டுட்டுச் சொல்லுங்க. அப்புறம் கடனைப் பத்திப் பேசலாம்."

அன்றைக்கு வீட்டில் நடந்த ஆர்ப்பாட்டத்தைக் கேட்கவே வேண்டாம். குடும்பத்தைக் கெடுக்க வந்தவள், நன்றி கெட்டவள், சோறு போட்ட கையைக் கடித்தவள் என்று மாமியார் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மருமகள் வேலை தேடக் கிளம்பினாள். ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு வேலை கிடைத்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். சம்பளம் பெரிதில்லை. ஆனால் எதற்கு என்று யாரும் கேட்காமல் கையில் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்துக் காலையில், அவள் வேலைக்குக் கிளம்பும்போது குடோன்காரர் வந்து நின்றார்.

"புதுசா ஒருத்தரைப் போட்டாச்சும்மா. நீ எழுதியிருந்ததைப் போல மூணு மடங்கு சம்பளம்."

"பாதியா வெட்டலையா?"

"வெளி ஆள்கிட்டப் பேரம் பேசினா மரியாதையா இருக்காதாம்." குடோன்காரர் தலையைச் சொறிந்தார். "அந்த ஆளுக்கு உன் திட்டம் பிடிபடலை. ரெண்டு நாள் வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போகச் சொன்னாரு உன் மாமனார். வீட்டுப் பொண்ணுதானே, சும்மா வரும்னாரு."

அவள் கதவைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டாள்.

"வர்றேன்னு சொல்லுங்கண்ணே. ஆனா நானும் இப்ப வெளி ஆள். அந்த மரியாதை எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்க."