பௌர்ணமிக்கு மறுநாள்

அடி அண்ணாமலையில் கோமாரி பழைய குடித்தனக்காரனைப் போல் இருந்தது. ஊரை அழிக்காது, ஊரை விட்டும் போகாது. வருஷா வருஷம் பத்துப் பதினைந்து மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண். நாலைந்து கன்றுகள் சாகும். பிழைத்த மாட்டை நோய் கொஞ்ச காலம் தொடாது. அதற்குள் புதுக் கன்றுகள் பிறந்துவிடும். ஊர் அதை வெயிலைப் போல எடுத்துக்கொண்டது.

சரசு அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் அவளுடைய கிடேரிக் கன்று எச்சில் ஒழுக ஒழுகச் செத்தது. இப்போது கொட்டகையில் இன்னொன்று, பிறந்து ஒரு மாதம். ஊசி போடச் சொல்லிக் கால்நடை டாக்டர் கீதாஞ்சலியிடம் போனாள். இவ்வளவு சின்னக் கன்றுக்குப் போட முடியாது என்றார் அவர்.

"சுத்தி இருக்கிற மாட்டுக்கெல்லாம் போட்டா போதும் சரசக்கா. ஒரு மாட்டுலேர்ந்து நோய் இறங்கினா ஏற இன்னொரு மாடு வேணும். கிடைக்கலன்னா அங்கயே செத்துடும்."

சுற்றி இருந்தவை பெரும்பாலும் பலராமனின் மாடுகள். கிரிவலப் பாதையில் டீக்கடை, வீட்டில் ஏழு கறவை. ஊசி முகாம் வந்தால் ஏழும் மலையடிவாரத்துக்கு மேயப் போய்விடும். அவரைப் பார்த்துப் பாதி ஊரும் அப்படியே செய்தது.

சரசு கடைக்கே போய்க் கேட்டாள்.

"ஊசி போட்டா நாலு நாள் பால் கம்மி," என்றார் பலராமன். "பௌர்ணமிக்கு வர்ற ஜனத்துக்குத் தண்ணியவா ஆத்தித் தர்றது?"

சரசுவுக்குக் கோபம் வந்தது, வந்த வழியே போனது. மனிதர் சொன்னதில் தப்பில்லை. கூட்டம் வருமுன் முடிக்க வேண்டும் என்று முகாமை எப்போதும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்புதான் வைத்தார்கள். பால் தேவைப்படும் வாரத்தில் பாலைக் குறைக்கும் ஊசி. இத்தனை வருஷமும் நோய்க்குச் சோறு போட்டு வளர்த்தது அந்தத் தேதிதான்.

"மாமா, பௌர்ணமிக்கு மறுநாள் போட்டா?"

பலராமன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "மறுநாள் இங்க நாய்தான் படுத்திருக்கும். ஏழையும் ஓட்டிட்டு வரேன். வேணும்னா எனக்கும் ஒண்ணு போடச் சொல்லு."

"உங்களுக்கு வாய்லதான் போடணும்."

டாக்டர் தயங்கினார், பிறகு மேலதிகாரிகளிடம் பேசித் தேதியை மாற்றினார். புரட்டாசிப் பௌர்ணமிக்கு மறுநாள், குப்பைகூட அள்ளாத பாதையில், ஊர் மாடு மொத்தமும் வந்து நின்றது. ஒளித்து வைக்க யாருக்கும் காரணமில்லை.

ஐப்பசி மழையில் நோய் வந்தது. முகாமுக்குப் பிறகு பலராமன் புதிதாக வாங்கிவந்த மாடு எச்சில் வடித்தது, சரசுவின் கொட்டகைக்கு நாலு வீடு தள்ளி. அதைத் தனியாகக் கட்டினார்கள். தினமும் விடிந்ததும் சரசு கன்றின் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கில் ஒரு கொப்புளமும் இல்லை.

அந்த மாடு தேறியது. அடுத்த மாடு விழவில்லை. ஒன்றுகூட. இத்தனை வருஷம் ஊரைத் தின்ற நோய், ஏற ஒரு மாடு கிடைக்காமல் பலராமனின் கொட்டகையிலேயே செத்துப்போனது.

தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கும்பிட்டபோது சரசுவின் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, டீக்கடைக்குள் புகுந்து, நிறைந்த பால் கேனைக் கவிழ்த்தது.

"இதுக்குத்தான் ஏழு மாட்டையும் ஓட்டிட்டு வந்தேனா?" என்றார் பலராமன்.

"இதுக்குத்தான் மாமா," என்றாள் சரசு.