முதல்நன்மைச் சப்பாத்து

அந்தச் சோடியை நான் சும்மா வாங்கவில்லை. எழுபத்து நாலாம் வருஷம், பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம். கடைகளில் புதுச் சப்பாத்து கண்ணில் படாது. மாத்தளை டவுனில் முத்தலிப் நானாவின் பழைய சாமான் கடையில் அரைநாள் உட்கார்ந்து பொறுக்கினேன். பசை போட்டு ஒட்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அடியை நூலால் தைத்ததாகப் பார்த்து எடுத்தேன். நல்ல தோல், பட்டியில் நாலு ஓட்டை. ஒரு பிள்ளை போட்டுக் கழற்றியது, இன்னும் மூன்று பிள்ளைகள் தாராளமாகப் போடலாம். எனக்கும் மூன்று பெண்கள்தான்.

"இது ஒங்க மூத்த மகளுக்கு ரெண்டு அளவு பெரிசு, தங்கச்சி" என்றார் நானா.

"கால் வளரும்தானே நானா. அதுவரைக்கும் முன்னால காகிதம் அடைச்சுக்கலாம்."

மூத்தவள் ரெஜினாவுக்கு முதல்நன்மை, நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்குகிற நாள். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். அதே பூசையில் என் கொழுந்தன் மகள் பிலோமினாவுக்கும் முதல்நன்மை. அவள் அம்மா மார்கிரட்டை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. எதை உடுத்தினாலும் அவளுக்கு எடுப்பாக இருக்கும். நான் மாடாக உழைத்தாலும் மாமியார் வாயில் அவள் பேர்தான் வரும். ஆமாம், பொறாமைதான். மூடி மறைக்க என்ன இருக்கிறது?

கண்டியில் இருக்கிற அவள் தம்பி எங்கேயோ தேடிப் பிடித்துப் புதுச் சப்பாத்து ஒன்று அனுப்பியிருந்தான். பளபளவென்று இருந்தது. லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினாள். பூசையன்று காலையில் மழை. கோயில் வாசலுக்கு வருவதற்குள் அதன் அடி வாயைப் பிளந்துவிட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மார்கிரட் என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, ரெஜினா நன்மை வாங்கிட்டு வந்ததும் அந்தச் சப்பாத்தக் கொஞ்சம் குடுங்க. இவ கடைசி ஆளாப் போகட்டும்."

எங்கள் தோட்டத்தில் இது புதிதில்லை. முக்காடும் பூமுடியும் அதே பூசையிலேயே ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறும். முடியாது என்று வாய்வரை வந்தது. நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றதால் தலையை ஆட்டிவைத்தேன்.

ரெஜினா சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு போனாள். பீடத்துப் படியில் ஒரு சப்பாத்து கழன்று பின்னால் நின்றுவிட்டது. திரும்பி வந்து காலை நுழைத்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் காது சுட்டது.

கடைசியாகப் பிலோமினா. அவள் ரெஜினா வயதுதான், ஆனால் வளர்த்தியான பிள்ளை. காகிதத்தை உருவிவிட்டுக் காலை வைத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. நிமிர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து போனாள்.

"மார்கிரட்டு மகளப் பாருங்க, என்னா அம்சமா நடக்குது" என்றாள் பக்கத்தில் இருந்த ஜோசப்பின்.

பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவள் நான். பேர் அவளுக்கு.

பூசை முடிந்ததும் படம் பிடிக்கிறவர் இரண்டு பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தினார். பிலோமினா சப்பாத்தை இன்னும் கழற்றவில்லை. மார்கிரட் சிரித்த முகமாக அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. போய்க் குனிந்து, நானே பட்டியை அவிழ்த்தேன்.

"கழட்டு. இது எம் மகளோடது."

பிலோமினாவின் முகம் சுருங்கிப்போனது. சோடியை ரெஜினாவின் காலடியில் வைத்தேன்.

"எனக்கு வேணாம்மா. அதப் போட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள் அவள். பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, ஒங்க நிழல் விழுது" என்றார் படம் பிடிக்கிறவர்.

சோடியை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றேன். அந்தப் படத்தில் இரண்டு பிள்ளைகளும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். சப்பாத்து என் கையில் இருந்தது.