காயாத பனியன்

முருகானந்தத்தின் நான்காம் எண் கபடி பனியன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆடிப் பதினெட்டு அன்று சாயங்காலம் நனைந்தது. அதன் பிறகு காயவே இல்லை. நனைந்தது வியர்வையில். கோடையில் நாளுக்கு ஒரு டம்ளர், மார்கழியில் அரை டம்ளர் என்று சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மலையூரான வாசலூர்பட்டியில் மிளகு நாலைந்து வெயிலில் காய்ந்துவிடும், சாமைக்கு இரண்டு வெயில் போதும். பனியனைப் பாறைமேல் விரித்து நாற்பது நாள் போட்டுப் பார்த்தார்கள். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். சோப்புப் போட்டுத் துவைத்தார்கள். சோப்புத் தண்ணீர் வடிந்து போய்விடும், வியர்வை திரும்ப வந்துவிடும். கடைசியில் கொடியில் மாட்டி, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஊர் சந்தேகப்பட்டது. சந்தேகப்படுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செய்வினை என்றார்கள் பாதிப் பேர். மீதிப் பேர், விடிவதற்கு முன் அதைப் போட்டுக்கொண்டு முருகானந்தம் எங்கேயோ ஓடிவிட்டு வருகிறான், எங்கே என்றுதான் தெரியவில்லை என்றார்கள். கல்யாணமாகி வந்த சத்யாவும் முதல் மூன்று மாதம் வாசற்படியில் சாம்பலைத் தூவி வைத்துக் காலடி பார்த்தாள். ஒன்றும் பதியவில்லை. பிறகு பனியனை முகர்ந்து பார்த்தாள். புருஷன் வாடைதான், ஆனால் பத்தொன்பது வயது வாடை. அந்த வயதுக்காரனை அவள் பார்த்ததே இல்லை. அதனால் அவன்மேல் அவளுக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது.

மிளகுக்கொடி இளைஞர் மன்றம் என்று ஒன்று இருந்ததற்கு அந்தப் பனியனை விட்டால் ஒரு தகரப் பெட்டிதான் சாட்சி. மன்றத்தில் ஆடிய ஏழு பேரில் ஆறு பேர் திருப்பூருக்குப் போய் பனியன் தைத்தார்கள். முருகானந்தம் மட்டும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டுக்கொண்டு மலையிலேயே இருந்துவிட்டார். வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், மகள் யமுனாவையும் மகன் பிரேமையும் உட்காரவைத்துப் பெட்டியைத் திறப்பார். உறுப்பினர் அட்டை, உள்ளே குண்டு இல்லாத விசில், பச்சை ரிப்பன், ஏழு பேரும் மீசையை முறுக்க முயன்று நிற்கும் போட்டோ, கோப்பையிலிருந்து உடைந்த ஒரு கைப்பிடி. எல்லாம் வரிசையாக வெளியே வரும். கடைசியாகப் பனியனைக் கொடியிலிருந்து எடுத்துவந்து மடியில் போட்டுக்கொள்வார். வேட்டி நனையும். அவர் கவலைப்படமாட்டார்.

அப்புறம் கதை. அந்த ஆடிப் பதினெட்டு, செம்மேட்டு மைதானம், எதிரே காளப்பநாயக்கன்பட்டி அணி, இரண்டு பக்கமும் சமமான புள்ளி, கபடி கபடி என்று பாடிப்போகும் கடைசிப் பாட்டு. உள்ளே போன முருகானந்தத்தின் காலை அவர்கள் தலைவன் அர்த்தனாரி பிடித்துவிட்டான். அவன்மேல் இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். நாலு பேரையும் இழுத்துக்கொண்டு, பாட்டை விடாமல், நடுக்கோட்டைத் தொட்டார். “ஒரே மூச்சு சாமி. ஐம்பது எண்ணற வரைக்கும்” என்பார் பிள்ளைகளிடம். ‘மூச்சு விட்டுட்டான்’ என்று அர்த்தனாரி கத்தியதையும், நடுவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததையும் சொல்லும்போது மட்டும் பனியனை ஒரு பிழி பிழிவார்.

யமுனாவுக்குப் பதினைந்து வயதானபோது பள்ளிக்கூடக் கபடி அணியில் சேர்ந்தாள். அன்றுமுதல் வீட்டுக்குப் பின்னால் நின்று ஒரே மூச்சில் பாடிப் பழகினாள். பிரேம் எண்ணுவான். இருபத்திரண்டுக்கு மேல் போகவில்லை. விடிந்தால் பாட்டு, இருட்டினால் பாட்டு. உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆகிவிடும். ஒருநாள் குச்சிக்கிழங்குக் காட்டிலேயே மயங்கி விழுந்தாள். மகளைத் தூக்கிவந்த சத்யா அன்றைக்குப் புருஷனைத் திட்டியது ஏரிக்கரைவரை கேட்டது. யமுனா எழுந்து உட்கார்ந்து, தனக்கு அப்பாவின் மூச்சு வாய்க்கவில்லை, அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றாள். விளையாட்டு வாத்தியாரிடம் சொல்ல ஆடிப் பதினெட்டுக்கு மறுநாளைக் குறித்துவிட்டாள்.

அன்றைக்கும் அவர் ஐம்பது என்றபோது சந்தேகத்தை முதலில் கிளப்பியவன் பிரேம். “போன வருசம் நாப்பதுன்னுதான சொன்னீங்கப்பா?” என்று கேட்டுவிட்டான். அதற்கு முந்தின வருஷம் முப்பத்தைந்து. ஒன்பது வயதுப் பையன்கள் இந்த மாதிரி விஷயங்களைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். யமுனா அன்றிலிருந்து அப்பாவை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினாள். அவர் தும்மினால்கூடப் பார்த்தாள்.

அடுத்து வந்த ஆடிப் பதினெட்டில் பெட்டி திறந்தது. பனியன் மடிக்கு வந்தது. அவர் ‘ஒரே மூச்சு’ என்று சொல்லி எழுந்து கைகால் காட்டிக்கொண்டிருந்தபோது, யமுனா அவர் காலுக்கு முன்னால் குறுக்கே நீட்டிப் படுத்துவிட்டாள். எங்கள் பக்கம் பெரிய வழக்குகளை இப்படித்தான் தீர்ப்பார்கள். பிள்ளையைக் கிடத்தித் தாண்டிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பொய்யாகத் தாண்டினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஆனால் பிள்ளை தானாகப் போய்ப் படுத்த வழக்கு இது ஒன்றுதான்.

“என்னத் தாண்டிட்டுச் சொல்லுங்கப்பா. ஒரே மூச்சுத்தானுங்களா?”

“எந்திரி கண்ணு, வெளையாட்டுக்குக்கூட அப்படிப் படுக்கக் கூடாது” என்று சத்யா அலறினாள். யமுனா அசையவில்லை. முருகானந்தம் வலது காலைத் தூக்கினார். தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தார். மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“கோட்டுக்கு ரெண்டடி இருக்கையில ஒரு மூச்சு எடுத்துட்டேன் சாமி. சின்ன மூச்சு.”

எவ்வளவு சின்னது என்று பிரேம் கேட்டான். அவர் இழுத்துக் காட்டினார். உண்மையிலேயே சின்னதுதான். யமுனா எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, “அப்ப எனக்கு ஒண்ணும் கொறையில்ல” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. வாத்தியாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மை வெளியே வந்துவிட்டது, இனி காய்ந்துவிடும் என்று நினைத்து சத்யா அன்றே வாளியை எடுத்துவிட்டாள். காலையில் தரை நனைந்து கிடந்தது. திரும்ப வைத்தாள்.

கார்த்திகையில் செம்மேட்டு மைதானத்தில் பள்ளிகளுக்கிடையே போட்டி நடந்தது. நடுவராக வந்தவர் அர்த்தனாரி. தலை பாதி நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் முருகானந்தம் ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இருபத்தாறு வருஷமாக பஸ் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர் அவர். அந்த ஊரில் தன் மூச்சைக் காதால் கேட்டவன் ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பு அவரை விட்டதே இல்லை.

ஆட்டம் சமமாக வந்து கடைசிப் பாட்டு யமுனாவுக்கு வந்தது. ஒருத்தியைத் தொட்டாள். திரும்புகையில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள். இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டாள். விசில் ஊதியாயிற்று, புள்ளி போட்டாயிற்று, தோழிகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். யமுனா கையைத் தூக்கினாள்.

“சார், மூச்சு விட்டுட்டேனுங்க.”

“எனக்குக் கேக்கலியே கண்ணு.”

“எனக்குக் கேட்டுச்சுங்க.”

புள்ளி எதிரணிக்குப் போனது. தோற்றார்கள். அவள் அணியில் ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லாரிக்குப் பின்னால் நின்றவர் வேட்டியை மடித்துக் கட்டினார். வெளியே வந்து நேராக அர்த்தனாரியிடம் போனார்.

“அன்னைக்கு உங்களுக்கு மட்டும் கேட்டுச்சுங்களே.”

அர்த்தனாரிக்கு ஆளை அடையாளம் தெரிய நேரமாயிற்று. பிறகு சிரித்துவிட்டார். “எங்கீங்க கேட்டுச்சு? அந்தச் சத்தத்துல எம் மூச்சே எனக்குக் கேக்கல. தோக்கறப்ப எல்லாருங் கத்தறதுதானுங்க.” சொன்னவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஏனுங்க, நெசமாவே விட்டீங்களா?” என்று கேட்டார். முருகானந்தம் ஆமாங்க என்றார். அர்த்தனாரி விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பஸ்ஸில் தோழிகள் யாரும் யமுனாவுக்கு இடம் போடவில்லை. அப்பாவும் மகளும் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். ஜன்னல் வழியே காற்று அடித்தது. பாதி வழியில் முருகானந்தம் கையை மெல்ல அவள் முதுகில் வைத்தார். கழுத்தடியில் ஒருதரம், நடுவில் ஒருதரம் தடவினார். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

“என்னங்கப்பா பாக்கறீங்க?”

“காஞ்சிருச்சான்னு பாத்தேன் சாமி.”

“காயாம என்னங்கப்பா பண்ணும்?” என்றாள் அவள்.

அவர் கையை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் சத்யா அன்றும் சொட்டியிருந்த வாளித் தண்ணீரைக் கழனித்தொட்டியில் ஊற்றினாள். மாடு குடித்தது.