மாமனாரைத் திட்டும் பாட்டு

பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்ளும் விருந்தில் யாரும் வயிறாரச் சாப்பிடுவதில்லை. தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்த உணவகத்தின் தனியறையில் சுடச்சுட வந்த ஆக்டோபஸ் ஆறிப்போய்க் கிடந்தது. ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்கி, இந்த வருஷக் குளிரைப் பற்றிப் பேசி முடித்து, வேறு எதுவும் கிடைக்காமல் மறுபடியும் குளிருக்கே திரும்பியிருந்தார்கள்.

சுன்ரேக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பழக்கமில்லை. ஜிண்டோ தீவுக்காரி. நாட்டுப்பாடல் மேடைகளில் அவள் ஏறாத மேடை அந்தப் பக்கத்தில் கிடையாது. மைக் இல்லாமல் அவள் குரலெடுத்தால் அடுத்த தெரு நாய் எழுந்து உட்காரும் என்று அவள் கணவன் துமான் சொல்வான். கடலில் பாசி வளர்ப்பது தன் தொழில், மனைவியின் பாட்டுக்கு மேளம் அடிப்பது தன் தலையெழுத்து என்றும் சொல்வான்.

எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தி ஹாக்சு ஒல்லியான மனிதர். மனைவியை இழந்து வெகுகாலம் ஆகிறது. குவாங்ஜுவில் சின்னதாக ஒரு ஜாஸ் மதுக்கடை நடத்தி, அதில் தானே பியானோவும் வாசிப்பவர். இதையெல்லாம் மகள் போரம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இருந்தாலும் பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே.

"சம்பந்தி ஏதோ வாசிப்பீங்கன்னு சொன்னாங்க," என்றாள் சுன்ரே.

"பியானோங்க. ஜாஸ்."

"ஓ, ஓட்டல்ல சாப்பிடறப்ப பின்னாடி ஓடிட்டிருக்குமே, அதா?"

மேசைக்கு அடியில் போரம் அம்மாவின் காலை மிதித்தாள். ஹாக்சு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சோஜு மதுக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அதேதான் சம்பந்தியம்மா. நீங்க பாடறது, நெடுஞ்சாலையில பஸ் நிக்கிற எடத்துல கடை ஸ்பீக்கர்ல அலறுமே, அதானே?"

துமான் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சோஜுப் புட்டி கவிழ்ந்தது. அதற்கப்புறம்தான் அந்த மேசையில் ஆளாளுக்குச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளை கியூஹோ வாய் சும்மா இருக்காத பையன். "அப்படின்னா ரெண்டு பேரும் சேர்ந்தே எங்க கல்யாணத்துல ஒரு பாட்டுப் போட்டுடுங்களேன்," என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான்.

"ஏன், முடியாதா?" என்றாள் சுன்ரே. அதே நேரத்தில் அதே வார்த்தைகளை ஹாக்சுவும் சொன்னார். சொன்ன பிறகு இருவருமே கொஞ்சம் திடுக்கிட்டுப் போனார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை சுன்ரேயிடம் வந்தது. நல்லதாக, நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரி எத்தனையோ பாட்டுகள் அவளிடம் இருந்தன. அவளோ, புதிதாக வாழ்க்கைப்பட்ட பெண்கள் பாறையில் பாசி பறிக்கும்போது புகுந்த வீட்டைத் திட்டிப் பாடும் பாட்டைத் தேர்ந்தெடுத்தாள். வரிகளைத் தட்டச்சு செய்து சம்பந்தியின் கைப்பேசிக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"'மாமனார் முகம் பாறாங்கல்லு, அலை அடிச்சும் அசையலையே.' யாரு சம்பந்தியம்மா இந்த மாமனாரு?"

"எங்க பொண்ணு போற வீட்டுல ஒருத்தர்தானே இருக்காரு?"

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. "சரி, வாங்க. கல்லு பியானோ வாசிக்கும்."

ஒத்திகைக்காக சுன்ரேயும் துமானும் மேளத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் குவாங்ஜுவுக்குப் போனார்கள். மதியவேளை. மதுக்கடையில் நாற்காலிகளெல்லாம் மேசைமேல் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தன. ஹாக்சு பியானோவைத் துடைத்துவைத்து, பார்லி தேநீர் கொதிக்க வைத்து, முடிந்த அளவு மரியாதை செய்தார். பிறகு வாசிக்க ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை.

அழகாகத்தான் வாசித்தார். அந்த அழகுதான் சுன்ரேயின் தொண்டையில் மாட்டியது. பாறையில் வழுக்காமல் காலை ஊன்றிப் பாட வேண்டிய பாட்டை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜோடி ஆடுகிற பாட்டாக்கி வைத்திருந்தார். அவள் ஒரு வரி பாடி மூச்சு வாங்கினால், அந்த இடைவெளியில் பத்து விரலும் புகுந்து விளையாடின.

சுன்ரே பாதியில் நிறுத்தினாள். "சம்பந்தி, நான் மூச்சு விடற எடத்துல எல்லாம் நீங்க குடித்தனம் வந்துடறீங்க."

"காலியா கெடந்துச்சு, அதான்."

"காலியா கெடக்கல. நான்தான் விட்டு வெச்சிருக்கேன்."

ஹாக்சு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நானும் ஒண்ணு சொல்லலாமா? உங்க சுரம் என்னோட ரெண்டு கட்டைக்கு நடுவுல போய் உக்காந்துக்குது. அங்க எனக்குக் கட்டையே இல்ல. நான் எதை அமுக்கினாலும் தப்பாத்தான் கேக்கும்."

"அந்த சுரம் நடுங்கணும். நடுங்கி அப்படியே ஒடிஞ்சு விழணும். அதுதான் பாட்டே. உங்க கட்டைக்காக அதை நிமித்தி நிக்க வெக்கச் சொல்றீங்களா?"

"நிக்க வேண்டாம். ஆனா நான்னு ஒருத்தன் பக்கத்துல வாசிக்கறேன்னு ஞாபகமாவது வெச்சுக்கலாமே. நீங்க தோணினா ஓடறீங்க, தோணினா நிக்கறீங்க. இத்தனை வருஷமா உங்க வீட்டுக்காரரு உங்க பின்னாலயே ஓடி வந்திருக்காரு. அது தாளமில்ல, துரத்தல்."

சுன்ரே கணவனைத் திரும்பிப் பார்த்தாள். துமான் மேளத்தின் தோலை வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நீங்களே சொல்லுங்க, நான் ஓடறேனா?"

"அப்பப்ப," என்றான் துமான். "எனக்கும் ஒரு ஓட்டம் ஆச்சுன்னு விட்டுடுவேன்."

அதற்குமேல் அங்கே பாட்டு நடக்கவில்லை. சுன்ரே தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டாள். சம்பந்தி முன்னால் கோபத்தைக் காட்டக்கூடாது. காட்டாமலும் இருக்க முடியவில்லை. "கல்யாணத்துக்கு யாராவது பாட்டுக்காரங்களை வெச்சுக்கலாம்," என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தால், வெளியே மழை வாளி வாளியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மேளத்தை நனைக்க முடியாது. ஹாக்சு கார்ச்சாவியை எடுத்தார்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. பின்னிருக்கையில் துமான் மேளத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் இருவரும் கண்ணாடியை வெறித்தபடி இருந்தார்கள். வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. பழைய கார். ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் போய் முட்டி, சற்று யோசித்து, பிறகு ஒரு முனகலோடு திரும்பி வந்தது.

துமானின் விரல்கள் அவனையறியாமல் மேளத்தின் விளிம்பில் அந்த வைப்பரைப் பின்பற்றத் தொடங்கின. ஒவ்வொரு வீச்சுக்குள்ளும் மூன்று தட்டு. சுன்ரே கேட்டாள், கேட்காத மாதிரி இருந்தாள். பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தது அவள்தானா என்பது அவளுக்கே பிறகு நினைவில்லை. ஹாக்சு ஸ்டியரிங்கில் இரண்டு விரலால் தட்டினார். மேளத்தோடு சேர்ந்தல்ல, சற்றுப் பின்தங்கி, வீட்டுக்குப் போக மனமில்லாதவன் நடப்பது போல. அந்த மூன்றும் இந்த இரண்டும் இடித்துக்கொள்ளவே இல்லை. ஒன்றன் தோள்மேல் ஒன்று கைபோட்டுக்கொண்டு போயின.

சுன்ரே வாய்விட்டுப் பாடினாள். மூச்சு வாங்கும் இடம் வந்தது. ஹாக்சு தட்டுவதை நிறுத்தினார். வைப்பர் மட்டும் ஒரு தடவை போய்த் திரும்பியது. அந்த இடைவெளி அத்தனை சுகமாக இருந்தது. அவள் அடுத்த வரியை அவசரமில்லாமல், அவர் விரலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தே எடுத்தாள். அப்படிக் காத்திருப்பதில் ஒரு ருசி இருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"இதான்!" என்றார் ஹாக்சு. "சம்பந்தியம்மா, இதான்! இடது கையில வெறும் ரெண்டு சுரத்தை மட்டும் வெச்சு, நடுவுல மொத்தத்தையும் உங்களுக்கே விட்டுடறேன். நீங்க எங்க வேணா நடுங்குங்க!"

"மொதல்ல வண்டிய எடுங்க சம்பந்தி!"

பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. முன்னால் சாலை எப்போதோ காலியாகியிருந்தது. ஹாக்சு வண்டியை எடுத்தார். நிலையத்துக்கு அல்ல, அடுத்த வளைவில் திரும்பி மதுக்கடைக்கே. அன்று ஜிண்டோவுக்குப் போக வேண்டிய பேருந்து அவர்களில்லாமல் போயிற்று.

கல்யாணம் மே மாதத்தில் மொக்போவில் நடந்தது. அந்த மண்டபத்தில் ஒரே நாளில் பல கல்யாணங்கள். ஒரு கூட்டம் எழுந்திருக்கும்போதே அடுத்த கூட்டம் வாசலில் வாழ்த்து மலர்வளையங்களை அடுக்கிக்கொண்டிருக்கும். ஜிண்டோவிலிருந்து உறவுக்காரர்கள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கினார்கள். அந்தப் பக்கத்துக் கல்யாண விருந்துக்கு உயிரான, புளிக்க வைத்த திருக்கை மீன் இருக்கிறதா என்று சாப்பாட்டுக் கூடத்தில் முதலில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மணமகளைப் பார்க்க வந்தார்கள்.

சுன்ரே கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக்கில், இளஞ்சிவப்பில், மேடையேறினாள். துமான் கோட்டும் டையுமாக மேளத்தை மடியில் வைத்துத் தரையில் சம்மணமிட்டான். ஹாக்சு இரண்டே சுரங்களில் தொடங்கினார். 'மாமனார் முகம் பாறாங்கல்லு' என்று அவள் பியானோவைக் கையால் காட்டிப் பாடியதும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் விசில் அடித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசிச் சரணத்தில் படகு புகுந்த வீட்டுத் தீவை நோக்கிப் போகும். 'அம்மா நிக்கிற கரை சிறுசாச்சு' என்று வரும். எத்தனை நூறு தடவை பாடிய வரி! வாயைத் திறக்கும்போது போரமின் முகம் கண்ணில் பட்டுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, சின்ன வயதில் ஊசி போடப் போகும்போது நிற்பாளே, அப்படி நின்றாள். சுன்ரேக்கு வரி வரவில்லை. மேடையில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை.

ஹாக்சு நிமிர்ந்து பார்த்தார். அவசரப்படவில்லை. அந்த வரி வரவேண்டிய இடத்தைச் சுற்றியே வாசித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வேறு வழியாகப் போய் அதே வாசலில் வந்து நின்றார். துமானின் மேளம் அவரோடு கூடவே போனது. கேட்பவர்களுக்கு அது நின்றுபோன பாட்டாகத் தெரியவில்லை. பியானோவின் முறை என்றே நினைத்துக் கைதட்டினார்கள்.

"அப்படிப் போடு!" என்று ஜிண்டோப் பெண்களின் வரிசையிலிருந்து ஒரு குரல். "அப்படிப் போடு சம்பந்தி!"

அந்தக் கூச்சலில் சுன்ரேக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் குரல் வந்தது. கரை சிறுசாகிற வரியை அவள் அப்படியே விட்டுவிட்டாள். வாயில் வந்தது வேறு வரி.

"கல்லுன்னு நெனச்சேன், எனக்காகக் காத்து நின்னுச்சே,
மகளே, இந்த வீட்டுக்கு நீ பயப்படாம போ."

ஹாக்சுவின் வலது கை ஒரு கணம் வழியைத் தவறவிட்டது. இந்த வரி அவருக்குத் தெரியாதே. தடவிப் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்தபடி வாசித்து முடித்தார். போரம் அழுதுகொண்டே சிரித்தாள். கியூஹோ சிரித்துக்கொண்டே அழுதான்.

படம் எடுத்து முடிவதற்குள் மண்டபத்து மேலாளர் வந்துவிட்டார். அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும். அவருக்குப் பின்னாலேயே வெள்ளைக் கையுறை போட்ட ஓர் இளைஞன் பதைபதைப்போடு நின்றான். அடுத்த மாப்பிள்ளை.

"அம்மா, எங்களுக்குப் பாட வேண்டிய சிநேகிதன் பாலத்து நெரிசல்ல மாட்டிக்கிட்டான். கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். ஒரே ஒரு பாட்டு..."

சுன்ரே பியானோ பக்கம் பார்த்தாள். "சம்பந்தி, பசிக்குதா?"

"பசிக்குது. ஆனா போன தடவை நடுவுல ஒரு எடம் சரியா விழல," என்றார் ஹாக்சு. அதற்குள் அவர் மறுபடி பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

சுன்ரே அந்த இளைஞனை அருகே இழுத்தாள். "பொண்ணு பேரு என்ன? உங்கப்பா எப்படி? கோபக்காரரா?"

"அப்பா தங்கமானவரு. அம்மாதான் கொஞ்சம்..."

"போதும், போதும். புரிஞ்சுபோச்சு."

அறியாத முகங்களுக்கு முன்னால் பாட்டு இன்னும் லகுவாக வந்தது. மாமனார் போய் மாமியார் வந்தார். பாறாங்கல் போய், மூடி திறக்கவே முடியாத கிம்ச்சி ஊறுகாய் ஜாடி வந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் விரைப்பாக உட்கார்ந்து பார்த்து, பிறகு தாங்காமல் பக்கத்தில் இருந்தவளின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். நடுங்கி ஒடியும் அந்தச் சுரம் வந்தபோது ஹாக்சு பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் ஒன்றாக அமுக்கி, ஒன்றை மட்டும் சட்டென்று விட்டார். சரியாக விழுந்தது என்று சொல்ல முடியாது. சுன்ரே திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவர் மறுபடி முயன்றார்.

பின்வாசலில் போரம் கல்யாண உடையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள். "அம்மா! பெரியவங்களுக்கு வணக்கம் வெக்கணும், எல்லாரும் உங்களைத் தேடிட்டிருக்காங்க!"

சுன்ரேக்குக் காதில் விழுந்தது. பாட்டை நிறுத்தாமலே மகளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இரு, வருகிறேன் என்கிற மாதிரி. துமான் மேளத்தை இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்தான்.